என் தம்பியின் மீதி ஈரல்

1

இந்தக் கதையில் பெரும்பகுதி என் தம்பி செல்சோவுடையது. என் ஈரலும் அப்படித்தான். நோயில் என்னுடையது கெட்டு நான் சாகக் கிடந்தபோது, தன்னுடையதில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தான். நேற்று ஒரு கடை வாசலில் புளித்த ஆப்பிள் வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

‘எங்கள் ஊரான வில்லாவிசியோசாவில் ஆப்பிள் பூக்கும் காலத்தில்…’

வேண்டாம். பூவில் ஆரம்பித்தால் கதை அழகாகிவிடும்.

2

செல்சோ ஆப்பிள் கள்ளுக்கடையில் ஊற்றுகிறவன். பாட்டில் தலைக்கு மேலே, கிளாஸ் இடுப்புக்குக் கீழே, பார்வை எங்கோ. நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் நூல் இறங்கும். கூட்டத்துக்கே ஒரு கிளாஸ்தான். மடமடவென்று குடித்து, அடியில் மிச்சம் வைத்து, அதைச் சாய்த்து விளிம்பைக் கழுவிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். நோய் வருமுன் அந்தச் சுற்றில் நானும் நின்றிருக்கிறேன். அவன் கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிக்கவைப்பான். (அந்த வார்த்தைகளை எழுதினேன், அடித்துவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.)

3

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் சொன்னார்: “அக்காவுக்கு ஆயுசுக்கும் குடி கூடாது. உனக்கு ஒரு வருஷம். மிச்ச ஈரல் இப்பத்தான் வளருது. அதுக்கு நடுவுல சாராயத்தையும் எரிக்கச் சொன்னா பாவம், எந்த வேலையத்தான் பாக்கும்?”

மூன்று மாதம் கழித்து, பகல் வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன்.

“டேய், கண்ணு ஏன்டா மஞ்சளா இருக்கு?”

“ஜன்னல் வெளிச்சம்க்கா.”

“எனக்கேவா? அந்த மஞ்சள கண்ணாடியில வருஷக்கணக்கா பாத்தவடா நான். எத்தன நாளா குடிக்கிற?”

அவன் சட்டையைத் தூக்கினேன். தழும்புக்குக் கீழே வயிறு நீர் கோத்து உப்பியிருந்தது.

4

அவன் ஏன் குடித்தான்? [வலி தாங்காமல்.] [பழைய பழக்கத்தில்.] இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் செல்சோ இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனே சொன்னதை வைக்கிறேன்:

“கடைக்குள்ள நுழைஞ்சாலே எல்லாரும் பேச்ச நிறுத்திடறானுங்க. தியாகியாம்! ஒருத்தனும் என்னைத் திட்ட மாட்டேங்கறான். ஒரு கிளாஸ் அடிச்சாத்தான்க்கா பழைய செல்சோவா பாக்கறானுங்க.”

“பழைய செல்சோ எனக்கும்தான் வேணும். உசுரோட வேணும், கழுதை.”

“அப்பாடா, நீயாவது திட்டினியே” என்று சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது.

வளர்ச்சி நின்றுபோயிருந்த ஈரல், குடியை விட்டதும் மெல்ல மறுபடி வளர்ந்தது. பிழைத்தான். அடுத்த இலையுதிர்காலத்தில் டாக்டரம்மா சொன்னார்: “அளவு பழையபடி வந்துடுச்சு. ஆனா ஒரு தடவ அடிபட்ட ஈரல். தொடாம இருந்தா நல்லது. அப்புறம் உன் இஷ்டம்.”

5

முடிவு ஒன்று: அன்று மாலை கடைக்குப் போய் ஊற்றுகிறான், கிளாஸ் அவனைத் தாண்டிப் போகிறது.

முடிவு இரண்டு: கிளாஸ் அவனிடம் நிற்கிறது. அவன்

இதைத் தொடர முடியவில்லை. இதுவரை எழுதியதை அவனுக்கே படித்துக் காட்டினேன். நான் பயந்ததுபோல் திட்டவில்லை. இப்படிச் சொன்னான்:

“முடிவ மட்டும் எழுதாதக்கா. எழுதிட்டா அதையும் நான் காப்பாத்தணும்.”

எனவே எழுதவில்லை. நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.