காகிதப்பூவுக்கு ஒரு குடம்

"தண்ணி அதிகம் கேக்காத செடியா குடும்மா. வெயில் தாங்கணும்" என்றார் ராஜாராமன்.

கேம்ப் ரோடு ஓரத்தில் கீற்றுப் பந்தல் போட்டுச் செடி விற்கும் அங்காளம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வூட்ல பாத்துக்க ஆளு இல்லியா சார்?"

"இருக்கா. இடுப்புல அடி."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. காகிதப்பூ, செவ்வரளி, கற்றாழை என்று எடுத்து வைத்தாள். "மல்லி மட்டும் வாணாம் சார். அது தெனம் தண்ணி கேக்கும்" என்று அவளாகவே சொன்னபோது ராஜாராமன் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவள் சொன்னதெதுவும் அவர் மனதில் நிற்கவில்லை.

சேலையூர் வீட்டின் முன்னால் அவர் மனைவி வேதா வைத்திருந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கிற செடிகள். மல்லி, கனகாம்பரம், ரோஜா. எண்பத்தேழாம் வருஷக் கோடையில் கிணறு வற்றிப்போனதும், விடிகாலையில் தெருமுனைக் கைப்பம்புக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்து வந்தாள். "நாமளே அளந்து குளிக்கறோம், செடிக்கென்ன இப்போ?" என்று அவர் சொல்லுவார். சொல்வதோடு சரி. ஒரு நாளும் குடத்தைத் தொட்டதில்லை. சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது வரும் மல்லி வாசனை மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பம்புப் பக்கம் குடம் உருளும் சத்தம் கேட்டது. கூடவே மெல்லிசாக ஒரு குரல். வேதாவின் குரல்தான். குடத்தைப் போட்டுவிட்டாள் போல என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த வீட்டு சாராள் டீச்சர் ஓடிவந்து கேட்டைத் தட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. சேற்றில் வழுக்கி விழுந்ததில் வேதாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. "உள்ளே இருந்தேன், காதுல விழல" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் செடிகள் காய்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். இப்போது அவள் வீடு திரும்பி, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாள். அவள் பார்க்கப் பார்க்கப் புதுச் செடிகளை நட்டு முடித்தார்.

"இனிமே உனக்குத் தண்ணிக் கவலையே இல்ல. தானா வளரும்."

வேதா மல்லி இருந்த இடத்தைப் பார்த்தாள். "மல்லிய வேரோட எடுத்துட்டேளா?"

"காஞ்சு போச்சே."

"மேலதான் காஞ்சிருக்கும். ஒரு மழை பெஞ்சா துளிர்த்திருக்கும்." குரலில் கோபம் இல்லை. "இதுக்கும் வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி விடணுமே. விக்கறவா சொல்லலயா?"

"தெரியல."

"சொல்லியிருப்பா. நீங்க காதுல வாங்கியிருக்க மாட்டேள்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ராஜாராமன் அவள் முகத்தில் எதையோ தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை.

உள்ளே போய்ப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்தார். பம்படியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். வேட்டியும் பனியனும் நனைந்தன. கேட்டுக்குள் வரும்போது முக்கால் குடம்தான் மிஞ்சியிருந்தது. காகிதப்பூவின் அடியில் ஊற்றியதும் மண் குமிழி விட்டு உறிஞ்சியது.

ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். "வேதா, அன்னிக்குக் காலம்பற..."

அவள் காத்திருந்தாள். பிறகு, "அரளிக்கு இன்னும் விடலயே" என்றாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். பம்படியில் இப்போது யாருமில்லை. கைப்பிடியை அழுத்தினார். குழாய்க்குள் காற்று மட்டும் இழுபட்டது. இரண்டு கையாலும் பிடித்து, விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தார்.