மூன்று மரத் துப்பாக்கிகள்

துப்பாக்கி வாங்கப் போகிற ஆள் தையல்காரனிடம் வந்து யோசனை கேட்பாரா? துபாயின் சத்வாவில் கேட்பார். கல்ஃபான் கேட்டார். டிசம்பர் மாதத்து மூடுபனி தெருவுக்குள் இறங்கி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பாதி விழுங்கியிருந்த ஒரு காலையில் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, வெட்டு மேசைமேல் மூன்று பழுப்புக் காகிதங்களை விரித்தார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கைத்துப்பாக்கியின் சுற்றுக்கோடு. ஆயுதக் கடையில் ஒவ்வொன்றையும் காகிதத்தின்மேல் வைத்துச் சுற்றி வரைந்துகொண்டு வந்திருந்தார். ஓரத்தில் பருமன், எடை, விலை எல்லாம் எழுதியிருந்தது.

"மாஸ்டர், இதில் எது வெளியே தெரியாது?" என்று இந்தியில் கேட்டார்.

ரெங்கராஜுக்கு ஒரு நிமிஷம் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக இங்கே தைக்கிறான். கத்தரிக்கோலைத் தவிர வேறு ஆயுதம் தொட்டவனில்லை. ஆனால் காகிதத்தை உற்றுப் பார்த்ததும் பயம் விட்டுப்போயிற்று. பென்சில் கோடு போட்டு அளவு எழுதிய எதுவும் அவனுக்குச் சட்டைப்பை மாதிரிதான். அதற்கு எங்கே இடம் விடுவது என்று புத்தி தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

கல்ஃபான் இந்த ஊர்க்காரர், ஐந்து வருஷத்து வாடிக்கை. ஒரு வயதான வியாபாரிக்கு மெய்க்காவலாக இருக்கிறார். உரிமமெல்லாம் உண்டு. இதுவரை வெறுங்கையோடுதான் கூடப் போய் வந்தார். போன மாதம் யாரோ இரண்டு தடவை கிழவரின் காரைப் பின்தொடர்ந்ததிலிருந்து கிழவருக்குத் தூக்கம் போய்விட்டது. புது வருஷத்திலிருந்து இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் டூட்டிக்கு வராதே என்று சொல்லிவிட்டார். சொன்னவர் கொடுத்த பணமோ கொஞ்சம்தான். பெரிய மனிதர்களின் பயம் பெரிது, கை சின்னது.

மூன்றில் முதலாவது பெரியது, பெயர்போனது, கொடுத்த பணத்துக்கு எட்டாதது. இரண்டாவது சுழலும் வயிறு கொண்டது, மலிவு. மூன்றாவது உள்ளங்கைக்குக் கொஞ்சம் நீளம், தட்டை, ஆறே ஆறு குண்டு. அதைக் காட்டியபோது, பெண்கள் கைப்பையில் வைக்கிற சாமான் என்று கடைக்காரன் சிரித்தானாம்.

"கெட்டவன் கண்ணில் படக்கூடாது, அப்படித்தானே?" என்றான் ரெங்கராஜ்.

"கெட்டவன் பார்த்தால் நல்லதுதான், ஓடிப்போவான். என் மகளுக்குத் தெரியக்கூடாது."

மகள் மைத்தாவுக்கு ஏழு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலைவனத்தில் வேட்டைக்குப் போன இடத்தில் கல்ஃபானின் தம்பி கைத்தவறுதலாக வெடித்த துப்பாக்கியால் இறந்துபோனான். குழந்தை அப்போது ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது முதலில் கேட்டது, பாபா இனி துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பதைத்தான். கல்ஃபான் அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

"வேலையை விட்டால் வீடு நடக்காது. வண்டியில் வைத்துவிட்டு இறங்கவும் கூடாது, விதி அப்படி. உள்ளறைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை உடம்பில்தான் இருக்க வேண்டும். அவள் வாசலிலேயே நிற்பாள். நான் இறங்கியதும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அவள் உயரம் இவ்வளவு." கையைத் தன் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினார். சரியாகத் துப்பாக்கி உட்காருகிற இடம்.

அவர் போன பிறகும் அந்தக் கை ரெங்கராஜின் கண்ணுக்குள் நின்றது. கிழவருக்குக் காவல் போகிற ஆறடி மனிதர் ஏழு வயதுப் பிள்ளையின் கைக்குப் பயப்படுகிறாரே என்று மனசு கனத்துவிட்டது. எப்படியாவது இதைச் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அறையில் கூட இருக்கிற அகமது கபீர் கீழக்கரைக்காரர், சோபாக் கடையில் ஆசாரி வேலை. காகிதங்களைப் பார்த்து அதே அளவில் மூன்று மரத் துண்டுகளை அறுத்து இழைத்துக் கொடுத்தார். எடை சரியாக வருவதற்கு உள்ளே குடைந்து, தூண்டிலில் கட்டுகிற ஈயத்தை வைத்து அடைத்தார்.

"பெயின்டு அடிக்கலையா பாய்?"

"கறுப்ப அடிச்சு, வழியில எவனாச்சும் பாத்தான்னு வையி, நம்ம ரெண்டு பேரு கதையும் கலாஸ். மரம் மரமாவே இருக்கட்டும் மாப்ள."

எந்த உடுப்பில் புதுமாதிரி பை வைத்தாலும் ரெங்கராஜ் முதலில் தானே போட்டுப் பார்ப்பான். அது அவன் வழக்கம். மேசைமேல் கிடக்கிற துணி பொய் சொல்லும், நடக்கிற உடம்பில்தான் உண்மை தெரியும் என்பது அவன் கட்சி. பழைய துணியில் ஒரு கோட்டு வெட்டி, இடுப்போரம் உள்பை வைத்து, ஒவ்வொரு மரத்தையும் இரண்டிரண்டு நாள் சுமந்து திரிந்தான். முதல் துண்டுக்குக் கோட்டு ஒரு பக்கம் தொங்கியது. இரண்டாவதின் வயிறு நன்றாகவே துருத்தியது. மாம்பழம் எங்கே வாங்கினீர்கள் என்று கிராசரிக்காரர் விசாரித்தார். மூன்றாவதை வைத்துக்கொண்டு போனபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாளும் அவனுக்கு என்னவோ போல இருந்தது. பனி விலகாத காலையில் நடந்தால் தெரு அவனுக்கென்று வழி விட்டு விலகுவதாகவும், அவன் போனதும் பின்னால் மூடிக்கொள்வதாகவும் தோன்றியது. தூரத்தில் கட்டிக்கொண்டிருந்த பெரிய கோபுரத்தின் அடிப்பாகம் காணாமல் போய், உச்சியிலிருந்த கிரேன் விளக்குகள் மட்டும் வானத்தில் மிதந்தன. துணி மூட்டை தூக்கிப் போகிறவர், சைக்கிளில் ரொட்டி கொண்டுபோகிறவர், பால்கனியில் போர்வை உதறுகிற பெண் எல்லாருமே இடுப்பில் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு பயமாக இல்லை, இதமாகத்தான் இருந்தது. எல்லாரும் ஏதோ ஒன்றை யாரோ ஒரு பிள்ளையிடமிருந்து மறைத்துக்கொண்டு, பஞ்சுக்குள் நடப்பதுபோல் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

கண்ணுக்குத் தப்பியாகிவிட்டது. கட்டிப்பிடித்தால் தெரியுமா? அங்கேதான் இடித்தது. பத்துப் பேர் படுக்கிற அறையில் யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள்? ரெங்கராஜ் கடைசியாக ஒரு மனித உடம்பைத் தழுவியது இரண்டு வருஷத்துக்கு முன், லீவு முடிந்து திரும்பும்போது, திருச்சி விமான நிலைய வாசலில். அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் கபீர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட கூறுகெட்ட மனுசா, நாளைக்கிப் பெருநாளுல்ல. தொழுவ முடிஞ்சு வெளிய வந்து நில்லு. ஊரே ஒன்னயக் கட்டிப்பிடிக்கும். மூணு மூணு தடவ."

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் கோட்டைப் போட்டு, மூன்றாவது மரத்தைச் செருகிக்கொண்டு ரெங்கராஜ் பள்ளிவாசல் தெருமுனையில் போய் நின்றான். நெற்றியில் துளியூண்டு விபூதி. தொழுகை முடிந்து வெள்ளை வெள்ளையாகப் பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முகம் தெரிவதற்கு முன் அத்தர் வாசனை வந்தது. ஈத் முபாரக் என்றார்கள், இழுத்து அணைத்தார்கள், வலம் இடம் வலம் என்று மூன்று முறை. முதலாளி சதக்கத்துல்லா, கிராசரிக்காரர், பட்டாணிய டாக்சி டிரைவர், பெயரே தெரியாத வங்காளிகள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தான். பத்துப் பதினைந்து பேருக்குப் பிறகு எதற்காக வந்தோம் என்பதே மறந்து, கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் இவர்களையெல்லாம் நாடாவால் மட்டும் தொட்டிருக்கிறோமே என்று நினைத்தான்.

ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கபீர் மட்டும் அணைத்துவிட்டு முகம் சுளித்தார்.

"நீ கட்டிப்பிடிக்கிற லெட்சணத்தப் பாரு. பஸ்ல இடிபடாம நிக்கிறவனாட்டம் ஒரு பக்கமா ஒதுங்குற."

"எனக்கென்ன பழக்கமா பாய், எங்க ஊருல கும்புடுறதோட சரி."

கபீருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மற்றவர்களும் அப்படித்தான் நினைத்து விட்டிருப்பார்கள். ரெங்கராஜ் மறுநாளே கல்ஃபானுக்குப் போன் போட்டு, மூன்றாவதை வாங்குங்கள், கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும் என்றான்.

கோட்டு அவன் வாழ்நாளில் தைத்ததிலேயே சிறந்ததாக அமைந்தது. சாம்பல் நிறக் கம்பளி, உள்ளே இரட்டை லைனிங், பை இருக்குமிடத்தில் மெல்லிய பஞ்சுத் தகடு. கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கிக்கு மேல் போட்டுக்கொண்டு கல்ஃபான் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றபோது இடுப்பில் ஒரு மடிப்பு இல்லை. அவர் ரெங்கராஜின் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவளுக்குப் பாவாடை சட்டை தைக்க. அதே சாம்பல் கோட்டு.

"ஒரு தடவைகூட அவளுக்குத் தெரியவில்லை மாஸ்டர்," என்று இந்தியில், மகளுக்குப் புரியாத மொழியில், மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஏன் சந்தோஷம் இல்லை என்று ரெங்கராஜுக்கு விளங்கவில்லை.

மைத்தா ஒல்லிப் பிள்ளை, பெரிய கண். ரெங்கராஜ் குனிந்து தோள் அளவு எடுத்தான். அடுத்துக் கை நீளம். நாடாவிலுள்ள எண்களைப் பார்க்க அவள் கிட்டே நெருங்கி அவன் பக்கமாகச் சாய்ந்தாள். ரெங்கராஜ் சட்டென்று இடுப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பழைய கோட்டின் உள்பையில் மரத் துண்டு இன்னும் அப்படியேதான் இருந்தது. வேலை முடிந்த பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை; கழற்றினால் இடுப்பு வெறிச்சென்று இருந்தது, காலை நடையில் அந்த இதமான நினைப்பு வரவில்லை. அதனால் வைத்துக்கொண்டே திரிந்தான்.

பிள்ளை அப்படியே நின்றாள்.

"உன்கிட்டயும் துப்பாக்கி இருக்கா?" என்று அரபியில் கேட்டாள். பதினோரு வருஷத்தில் பிள்ளைகள் பேசுகிற அரபி அவனுக்கு நன்றாகவே புரியும்.

"இல்லையேம்மா. யார் சொன்னது?"

"பாபாவும் இப்படித்தான் திரும்புறார். முன்னால நேரா நிப்பார். இப்போ நான் ஓடிப்போனா இந்தப் பக்கம் திரும்பிக்கிறார்." இரகசியத்தை உடைக்கிற குரலில்லை அது. மழை வருகிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "நான் அந்தப் பக்கம் கை வைக்கமாட்டேன். வெச்சா அவர் வருத்தப்படுவார்."

ரெங்கராஜுக்குப் பெருநாள் அன்றைக்குக் கபீர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நாற்பது பேர் கட்டிப்பிடித்தும் மரம் அகப்படாமல் போனது துணியின் கெட்டிக்காரத்தனம் இல்லை. அவன் நாற்பது பேரிடமிருந்தும் ஒதுங்கியிருக்கிறான். இந்து, பழக்கமில்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். துணி பொய் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் உடம்பு சொன்ன பொய்யைக் கவனிக்கவில்லை. மடையன்.

நாற்காலியில் கல்ஃபான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரெங்கராஜ் அந்த மரத் துண்டை உருவி மேசைமேல், சாக்கட்டிகளுக்கு நடுவில் வைத்தான். மைத்தா அதை நகத்தால் தட்டினாள். எடுத்து முகர்ந்தாள். இழைத்த மரத்தின் வாசனை அதில் இன்னும் இருந்திருக்க வேண்டும்; அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"மரம்," என்றாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "பாபா, உங்களோடதும் மரம்தானா?"

கல்ஃபான் ரெங்கராஜைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சாட்சிக்கு மேசைமேல் மரம் இருக்கிறது, காவலுக்குக் கோட்டு இருக்கிறது. பிள்ளை நம்புவாள், நம்ப ஆசைப்பட்டுத்தான் கேட்கிறாள். சொல்லுங்கள் என்று ரெங்கராஜ் மனசுக்குள் கெஞ்சினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப்பெட்டி ஒரு தடவை ஆவி விட்டது.

"இல்லை," என்றார் கல்ஃபான். "நிஜம். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேன், அதை மறைச்சும் வெச்சேன்."

எழுந்து அவள் எதிரில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். மைத்தா வெகுநேரம் அவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மரத் துண்டைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய், இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கோட்டில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஆனால் அவள் கை வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றதை ரெங்கராஜ் பார்த்தான்.

கல்ஃபான் திரும்பவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.