மொந்தவெர்னா என்னும் பெயர்

1986 மார்ச்சில் லண்டனுக்கு வந்த பாலேந்திரா, மூன்றாம் நாளிலிருந்து தன் பெயரை எழுத முடியாதவனானான். பாலேந்திரா என்றுதான் எழுதுவான். மை காய்வதற்குள் அது மொந்தவெர்னா ஆகிவிடும். இத்தாலியப் பிரபுக் குடும்பம் ஒன்றின் பெயர் அது. ஏஜென்ட் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட்டை விமானத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டான். பெயர் மட்டும் கூட இறங்கிவிட்டது. அகதி விண்ணப்பத்தில் மொந்தவெர்னி, கவுன்சில் கடிதத்தில் தெமொந்தவேர்ன், டூட்டிங் தமிழ்க் கடைகளில் மொந்தவர்ணம். எப்படி எழுதினாலும் கடிதம் அவனிடம் வந்து சேர்ந்தது. பாலேந்திரா என்று எழுதியவை மட்டும் வரவில்லை.

1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஷெல் விழுந்து தாய் இறந்ததை, பதினான்கு மாதம் கழித்து மனைவி நிர்மலா லண்டனுக்கு வந்து சொல்லித்தான் அறிந்தான்.

"ஏன் எழுதேல்லை?"

"ஏழு கடிதம் போட்டனாங்கள். எல்லாம் திரும்பி வந்தது" என்றாள். பிறகு, "மாமி கடைசியா உங்களைத்தான் கூப்பிடப் பாத்தவ. பேர் வாயில வரேல்லை" என்றாள்.

மொந்தவெர்னா குடும்பத்தில் எஞ்சியிருந்தவள் செலஸ்தா ஒருத்திதான். கிளார்க்கன்வெல்லில் தையல் வேலை செய்தாள். பெயரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான். அவள் ஊசியை வைத்துவிட்டுச் சொன்னாள்: நானூறு வருடத்துக்கு முன் போருக்குத் தப்பி மலை கடந்த ஒருவன், செத்துக் கிடந்த பிரபுவின் சட்டையிலிருந்து எடுத்த பெயர் அது. அவனுடைய தாய்க்கும் அவன் பெயர் மறந்துபோயிற்று. பிள்ளைகள் தலைமுறைக்கு ஓர் எழுத்தாக மாற்றிப் பார்த்தார்கள். பெயர் போகவில்லை.

"எங்களுடையதாக இருந்தால்தானே திருப்பி எடுக்க" என்றாள்.

1993இல் அவள் புற்றுநோயில் இறந்தபோது, ஆஸ்பத்திரிக்காரர் அதே பெயரில் இருந்த ஒரே ஆளைத் தேடி அழைத்தார்கள். உறவினர் என்ற இடத்தில் அவன் முதன்முறையாக மொந்தவெர்னா என்றே எழுதிக் கையெழுத்திட்டான். மை அசையவில்லை. அதன் பிறகு நிர்மலாவுக்கும் பழைய பெயர் நாவில் வரவில்லை.

அடுத்த சித்திரா பௌர்ணமிக்கு, தாயை நினைத்து விரதமிருந்து மனோர் பார்க் கோயிலுக்குப் போனார்கள். குருக்கள், தாய்க்குத் தர்ப்பணம் செய்யும் மகனின் பெயரைக் கேட்டார்.

"மொந்தவர்ணம்" என்றாள் நிர்மலா.

அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பெயரை மந்திரத்தில் சேர்த்துச் சொன்னார். மொந்தவர்ணம் தாய்க்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். கை காயுமுன் செலஸ்தாவுக்கும் ஒருதரம் விட்டான்.