கீழ் போல்ட்

போல்ட் உடைந்தபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவுதான். ஸ்பேனரில் செருகியிருந்த இரும்புக் குழாய் திடீரென்று இளகிக்கொடுத்தது. கழன்றுவிட்டது என்று அவனுக்கு ஒரு சந்தோஷம். அது மூன்று விநாடி இருந்தது. போல்ட்டின் தலை மட்டும் தனியாகத் தரையில் விழுந்து உருண்டு, காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

மணி பதினொன்று. நாலு மணிக்கு அவன் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். காரில் போனால் இரண்டு மணி நேரம்.

அவன் மகள் சுண்டு அங்கேதான் இருக்கிறாள். ஐந்து வயது. மனைவி இறந்து நாலு மாதம். அடுத்த வாரமே மாமியார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவன் இரண்டு முறை கூட்டிவருவதாகச் சொன்னான். முதல் முறை காய்ச்சல் என்றான். காய்ச்சல் இல்லை. இரண்டாம் முறை காரை ஸ்டார்ட் செய்துவிட்டு அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு அணைத்துவிட்டு உள்ளே வந்து, பிரேக் சரியில்லை என்று போன் செய்தான். அது பாதி நிஜம். பிரேக் கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது.

நேற்று மாமியாரே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கும் நீங்க வரலைன்னா திங்கக்கிழமை இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடுறோம். எத்தனை தடவைதான் அது பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கும்?"

"வரேன் அத்தை. நாலு மணிக்குக் கார் வாசல்ல நிக்கும்."

"பிரேக்கு?"

"நானே மாத்திடுறேன். புது பேட் வாங்கி வெச்சுட்டேன்."

அதற்குள் சுண்டு போனைப் பிடுங்கியிருந்தாள். "அம்மா கார்லதான் வருவேன். பஸ்ல வரமாட்டேன். பஸ்ல வாந்தி வரும்."

அம்மா கார் என்பது சரிதான். ஓட்டியது அவன், பழுது பார்த்ததெல்லாம் மனைவி. டார்ச் பிடிப்பதுதான் அவன் வேலை. "போல்ட்ல அடிய்யா, என் மூஞ்சில அடிக்காத" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வரும். சுண்டு பக்கத்தில் குந்திக்கொண்டு, கழற்றிய நட்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் போடுவாள்.

அவன் மச்சினனைக் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, தூரத்தில் ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"சொல்லுங்க மாமா. டார்ச் பிடிச்ச கை இன்னைக்கு ஸ்பேனரைப் பிடிக்குதாமே?"

"போல்ட் உடைஞ்சிடுச்சுடா. முன் சக்கரம். பிரேக் காலிப்பரைப் பிடிக்கிற போல்ட் ரெண்டுல கீழ இருக்கிறது."

"மேல இருக்கிறது?"

"அதைத் தொடவே இல்ல."

"தொடாதீங்க. எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"இடது பக்கம். கழட்டுறதுன்னா அதானே?"

"எங்க உக்காந்துக்கிட்டு?"

"சக்கரத்துக்கு முன்னாடி."

"போல்ட்டோட தலை எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"உள்பக்கம்..." வாக்கியத்தை முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. காது சுட்டது. பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும்.

"ஆக மொத்தம் மாமா, அரை மணி நேரமா நீங்க அதைக் கழட்டவே இல்ல. இறுக்கியிருக்கீங்க. குழாய் வேற போட்டு."

"ஆமா."

"காலேஜ்ல என்ன படிச்சீங்க?"

"பொருளாதாரம்."

"அதான்." மச்சினன் சிரித்தான், பிறகு தானாகவே நிறுத்திக்கொண்டான். "சரி, விடுங்க. அக்கா டூல் பெட்டியில எக்ஸ்ட்ராக்டர் இருக்கும். திருகாணி மாதிரி, ஆனா மரை எதிர்ப்பக்கமா ஓடும். உடைஞ்ச துண்டுக்கு நட்டநடுவுல ஓட்டை போடுங்க. அதுல இதைச் செருகி மெதுவா திருப்புனா, துண்டைக் கவ்விக்கிட்டு வெளிய வரும். துரு ஸ்ப்ரேவை அடிச்சிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருங்க. அப்புறம் திருப்புங்க. வரலைன்னா விட்டுடுங்க. அடம் பிடிச்சா எக்ஸ்ட்ராக்டர் உள்ள உடைஞ்சிடும். அது போல்ட்டைவிட கெட்டி. அதுக்கப்புறம் ட்ரில்லு இறங்காது, ஒண்ணும் இறங்காது. புரியுதா?"

"புரியுது."

"ஒரு மணி நேரம் மாமா."

ஸ்ப்ரே அடித்தான். உட்கார்ந்தான். எழுந்தான். ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று சும்மா இருக்கிறவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் போய் சுண்டுவின் கட்டிலில் விரிப்பை இழுத்துவிட்டான். அது ஏற்கெனவே மூன்று முறை இழுத்துவிட்டதுதான். இருபது நிமிடத்தில் ட்ரில்லை எடுத்துவிட்டான்.

ஓட்டை நட்டநடுவில் விழவில்லை. ஒரு ஓரமாகச் சாய்ந்து, பக்கத்து மரையையும் கொஞ்சம் தின்றுவிட்டது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு எக்ஸ்ட்ராக்டரைச் செருகித் திருப்பினான். இந்த முறை எந்தப் பக்கம் திருப்புவது என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டான். துண்டு அசைந்த மாதிரி இருந்தது. அசையாத மாதிரியும் இருந்தது.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, கிளம்பிட்டீங்களான்னு இது நச்சரிக்குது. பையை முதுகுல மாட்டிக்கிட்டுத்தான் சாப்பிட்டுச்சு."

"கிளம்பிட்டேன் அத்தை."

சொல்லிவிட்டான். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. திரும்பிப்போய் எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்தவன் அதை மெதுவாகத் திருப்பவில்லை. டிக் என்றது. கையில் பாதி வந்தது. மீதி உள்ளேயே இருந்தது.

மணி ஒன்றே கால். எழுந்து, கட்டுக்கம்பி தேடி எடுத்தான்.

மேல் போல்ட் ஒன்று போதாதா? பேட்களைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தூக்கி, பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தான். காலிப்பரை இறக்கி, கீழ்ப்பக்கத்தைக் கம்பியால் ஏழு சுற்று சுற்றி முறுக்கினான். சக்கரத்தை மாட்டினான். ஜாக்கியை இறக்கினான். மச்சினனிடம் கேட்கவில்லை. என்ன சொல்வான் என்று தெரியும்.

தெருவில் ஆள் இல்லை. இரண்டாவது கியரில் தெருமுனை வரை போனான். பிரேக்கை அழுத்தினான். நின்றது. மூச்சு வந்தது. திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமாக வந்து, கொஞ்சம் அழுத்தமாக மிதித்தான். சக்கரத்துக்குள் டொங் என்று ஓர் இடி. பெடல் காலுக்கடியில் துள்ளியது. கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கண்ணாடியில் பின்னிருக்கை தெரிந்தது. சுண்டுவின் குட்டி இருக்கை. அதன் வார் இப்படியும் அப்படியும் ஆடி, ஆடி, நின்றது.

அவன் இறங்கினான். சுவரைத் தொட்டுப் பார்த்தான். எதற்கென்று தெரியவில்லை. பிறகு கார்க் கதவைத் திறந்துவைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடை வேகத்தில் கையாலேயே வீட்டு வாசலுக்குத் தள்ளினான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். சாவியை உருவினான். போனை எடுத்தபோது மணி இரண்டு.

"அத்தை, கார் வராது. போல்ட்டை உடைச்சிட்டேன்."

"வழியிலயா?"

"இல்ல. நான் இன்னும் வீட்லதான் இருக்கேன்."

"கிளம்பிட்டேன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். காய்ச்சல்னு சொன்னதும் பொய்தான்."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பஸ்ல வரேன் அத்தை. ஆறு மணி ஆகும்."

"அது பஸ்ல வராதே, மாப்பிள்ளை."

"தெரியும். நான் வரேன்."

"சரி, வாங்க" என்றார் அவர். அதில் கோபம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று முறை சோப்பு போட்டும் கை வெளுக்கவில்லை. நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நின்றது. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடினான். பேருந்து முழுக்கக் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டே போனான். வரமாட்டேன் என்றால் என்ன செய்வது? அழுதால்? மாமியார் பின்னால் ஒளிந்துகொண்டால்?

சுண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை. அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். கார் இல்லை. உதடு பிதுங்கத் தொடங்கியது. மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அவள் முன் குந்தினான். சுண்டு அவன் கையை இழுத்தாள். விரல்களைப் பிரித்து, நகம் நகமாகப் பார்த்தாள்.

"போல்ட்டு உடைஞ்சிடுச்சா?"

"ஆமா."

"எத்தனை?"

"ஒண்ணு."

"அம்மா ஒரு நாள் ரெண்டு உடைச்சா." கையை விடாமல் எழுந்து நின்றாள். "பாட்டி, வாந்தி வந்தா பிடிக்க ஒரு கவர் குடு."