மூன்று கறுப்பு மையும் ஒரு பச்சை முடியும்

1

இந்தக் கதை பிரிஸ்கில்லா அக்கா அனுப்பிய பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜில் இருந்து வந்தது. அதில் ஒன்பது நிமிடம் மை பற்றி. மஸ்கட்டில் வேலைக்கு வேன் வருவதற்குள் போனிடம் வாயால் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். முதலில் வீட்டு வாட்ஸாப் குரூப்பில்தான் போடுவேன். அதனால் பயம். ஒரு விவரம் தப்பினாலும் கதையை விட்டுவிட்டு என்னைத் திருத்துவார்கள்.

2

உத்திரமேரூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை, பிரிஸ்கில்லா

(இல்லை. நல்ல வெயில். வெயில் இல்லாவிட்டால் கதையே இல்லை.)

மறுபடியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரிஸ்கில்லாவுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் உயிர். பிரிண்டர் கம்பெனியின் மை கட்டுப்படியாகவில்லை. வெளிக் கம்பெனிக் கறுப்பு மை மூன்று பாட்டில் வாங்கி, ஒரே படத்தை மூன்றிலும் அச்சடித்தாள். ஒரு மையை மாற்றிப் பிரிண்டரைக் கழுவ அரை நாள். முதல் மையில் நிழலெல்லாம் கரித்துணி. சேலை மடிப்பே தெரியவில்லை. இரண்டாவது மையில் அச்சடித்த படத்தை, வெளுக்கிறதா என்று பார்க்க, பாதி அட்டையால் மூடி ஜன்னலில் ஒரு மாதம் வைத்தாள். மூடாத பாதி வெளுத்துப்போனது. மூன்றாவதுதான் நின்றது. கறுப்பு கறுப்பாக, சாம்பல் சாம்பலாக. கடைக்குள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது.

3

தென்னேரியில் நெல் பயிரிடும் ராஜாராமும் பாஞ்சாலியும் மகன் கல்யாணத்துக்கு முன் ஜோடியாகப் படம் எடுக்க வந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் முன்பு அவர்கள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரவேயில்லை.

"கலர் வேணாமாம்மா?"

"அப்ப எட்த்திருந்தா கலர்லயா எட்த்திருப்பாங்க?" என்றாள் பாஞ்சாலி. "இந்த ஆளு வேற தலிக்கு டை அட்ச்சிக்கினு வந்துகீது. மாப்ள இதுதான்னு நெனப்பு."

(ராஜாராமை நான் கோமாளி ஆக்குகிறேனோ? வயலில் அவர் நிற்கும் நிற்பு வேறு. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.)

4

மூன்றாவது மையில் அச்சடித்த படம் கடைக்குள் அருமையாக இருந்தது. ஆனால் பாஞ்சாலி, காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை எடுக்கும்போது எல்லோரும் செய்வதைச் செய்தாள். படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள்.

"யோவ், இங்க வா. உன் தல இன்னாத்துக்குப் பச்சயா கீது?"

"எங்க?"

"பாசி புட்ச்ச கொளம் மாதிரி கீது பாரு. டை வாணான்னு தலப்பாடா அட்ச்சிக்கினேன், கேட்டியா?"

"நல்ல டைன்னுதான் கடக்காரன் சொன்னான்..." என்று ராஜாராம் தலையைத் தடவிக்கொண்டார்.

பிரிஸ்கில்லா எட்டிப் பார்த்தாள். படத்தில் பாஞ்சாலியின் சேலைக் கரையும் பச்சை. அதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

5

இங்கே அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு முடிவு கிடைக்கும். பழி டை மேல் போகும், மை தேறிவிடும், இரண்டு மாத உழைப்பு வீணாகாது.

"ஒடனே சொல்ட்டேன்டா ஜான்சா" என்கிறாள் அவள். அந்த "ஒடனே"யை நான் நம்பவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ கடந்து போகும் நேரமாவது சும்மா நின்றிருப்பாள். (அக்கா, திட்டாதே. நானாக இருந்தால் பஸ் கிளம்பும்வரை நின்றிருப்பேன்.)

பிறகு சொன்னாள்: "ஐயா மேல தப்பில்லம்மா. சேலக் கரயப் பாருங்க, அதுவும் பச்சதான். மை சரியில்ல. நான் உள்ளயே வச்சிப் பாத்துட்டேன், வெயில்ல காட்டல."

ராஜாராம் நிமிர்ந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் மனைவியிடம் அவர் ஜெயித்த முதல் வழக்கு அது.

"பாப்பா, அத்த அப்டியே படத்துக்குப் பின்னால எழுதிக் குடு. தேதியும் போடு."

"தோ பாரு, சர்ட்டிபிகேட்டு கேக்கறாரு!" பாஞ்சாலி சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரிஸ்கில்லா எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

6

நாலாவது பாட்டில் வாங்கினாள். இந்த முறை முதல் சோதனையே வாசலில். வெயிலிலும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. (ஜன்னலில் ஒரு மாதம் வைக்க நேரமில்லை, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தாள்.) பாஞ்சாலிக்குப் பிடித்துவிட்டது.

ஆக, தென்னேரியில் இப்போது இரண்டு படம். சரியானது பாஞ்சாலி கேட்ட கல்யாணப் படம். பச்சையானது ராஜாராம் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டது. கூடத்தில் எது தொங்குகிறது என்று அக்கா இன்னும் போய்ப் பார்க்கவில்லை. நான் எழுதிய இரண்டு முடிவுகளையும் அழித்துவிட்டேன்.

கூடத்தில் ஆணி ஒன்றுதான். பாஞ்சாலி பந்தல்காரரிடம் பேச வெளியே போயிருக்கிறாள். ராஜாராம் ஸ்டூல் மேல் ஏறி நின்று, திரும்பிப் பார்க்காமல் உங்களிடம் கையை நீட்டுகிறார். எந்தப் படத்தைக் கொடுப்பீர்கள்?