இளநீரில் கரைந்தது

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆரணி கொசப்பாளையத்தில் தம் வீட்டு முன்னறையில் அமர்ந்து, தோழி ஸ்வர்ணலதாவின் நாவலில் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்த அமிர்தா, சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிழை கண்ட இடத்தில் பேனாவை மூடுவது அவர் வழக்கமன்று.

பணிக்காலம் முழுவதும் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவர் அமிர்தா. ஓய்வு பெற்ற பின், சரித்திரக் கதை எழுதுவோருக்காக ஒரு காலாண்டிதழில் எழுதிவந்தார். எந்த மருந்து எந்தக் காலத்தில் வந்தது, யார் கைக்கு எட்டியது, அதற்கு முன் மக்கள் எதை அரைத்துக் குடித்தார்கள் என்பதே அவர் பொருள். நாயக்கர் காலத் தளபதி ஒருவனுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்த எழுத்தாளரிடம், "தங்கள் தளபதி இன்னும் இருநூற்றைம்பது ஆண்டு பொறுத்திருக்க வேண்டும்" என்று எழுதித் திருப்பியனுப்பியவர். ஆகவே, ஸ்வர்ணலதா நாவலின் தாள்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது கேட்டது மிகச் சிறிய கேள்விதான். எழுபத்து நான்கில் ஆரணிக் கடைகளில் ஆஸ்பிரின் கிடைத்ததா? அதை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

கிடைத்தது. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

நாவலில் வரும் நெசவாளர் வீட்டில் ஐந்து வயதுப் பையனுக்கு அம்மை போடுகிறது. நிலைப்படியில் வேப்பிலை செருகியாகிவிட்டது. தறி ஓசை நின்றுவிட்டது. வந்திருப்பவள் ஆத்தாள், அவள் இருக்கும் உடம்பில் மாத்திரை படக்கூடாது என்று மாமியார் வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளையின் உடம்பு கொதிப்பதைக் காணச் சகியாத இளம் தாய், மாத்திரையை நுணுக்கி இளநீரில் கரைத்துவைக்கிறாள். அதை அறியாமல் பேரனுக்குப் புகட்டுபவள் மாமியாரே. கொப்புளங்கள் காய்கின்றன. மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று இருக்கையில் வாந்தி தொடங்குகிறது. வாந்தி நிற்கவில்லை. பையன் தாயையே யாரென்று கேட்கிறான், பிதற்றுகிறான், வெட்டி வெட்டி இழுத்து அடங்கிப்போகிறான். தறிக்குழியில் மாத்திரைத் தாள் அகப்பட்ட பிறகு, வீடு முழுவதும் தாயைச் சபிக்கிறது. அத்தியாயம் இப்படி முடிந்திருந்தது: 'மாத்திரையால் அன்று, மாத்திரைக்குக் குறுக்கே உட்கார்ந்தவளால் என் பிள்ளை செத்தான்.'

கதையில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருந்த ஸ்வர்ணலதா, தாம் பறிகொடுத்த பையனின் பெயரை மட்டும் ஹேமநாத் என்றே விட்டிருந்தார். அவருடைய மாமியார் காசியம்மாள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவள் படத்துக்கு மருமகள் ஒரு நாளும் விளக்கேற்றியதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த வாந்தியை அமிர்தா அறிவார். அம்மையோ சளிக்காய்ச்சலோ கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாகச் சிலருக்கு ஈரலும் மூளையும் ஒருசேரக் கெடும். தொடக்கம் இப்படித்தான் இருக்கும். எண்பதுகளில் எச்சரிக்கை வந்தபின், பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதே என்று மருத்துவர் சொல்ல, அலமாரியில் அந்த மாத்திரையை மேல்தட்டுக்கு மாற்றியவர் அவரே. ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், ஐம்பது ஆண்டுகளாக ஒருத்தி சாய்ந்து நிற்கும் சுவர் அப்படியே நிற்கும். ஆனால் செத்துப்போன ஒருத்தி, அச்சில் என்றென்றைக்கும் கொலைகாரியாகிவிடுவாள்.

பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் சமணக் குடும்பத்தவர் அமிர்தா. தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதே ஸ்வர்ணலதாவின் குரல் வாசலில் கேட்டது.

"இன்னாக்கா, பாஸா ஃபெயிலா? படவேட்டுக் கோயில்லேந்து பஸ்ஸுல நின்னுகினே வந்தேன், இடுப்பு போச்சு. ஆடிக் கூட்டம், ஒரே பேஜாரு. அந்த ஆத்தாகிட்ட அம்பது வருஷமா சண்ட. ஆனாலும் போவாம இருக்க முடியல."

"உட்காரு லதா."

"நீங்க ஒக்காருன்னு சொல்ற தோரணையே சரியில்லியே. மாத்திரை அப்ப கெடைக்கலன்னு சொல்லாதீங்க. நானே வாங்கனேன்."

"கிடைச்சுது. ஒண்ணு கேக்கறேன். கொப்புளம் காஞ்ச பிறகுதான் வாந்தியா?"

"ஆமா. காச்சலே இல்லக்கா அப்ப. பொழச்சிகினான்னு நெனச்சேன்."

அமிர்தா சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சொல்லும்போது ஸ்வர்ணலதாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவரால் இயலவில்லை. படவேட்டுக் குங்குமம் வியர்வையில் மூக்கின் மேல் இறங்கியிருந்தது.

"அதான் காரணம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"முடியாது. அம்மையே சில சமயம் மூளைக்கு ஏறும். ஆனா மாத்திரை இல்லன்னும் எழுதித் தர முடியாது. ஒண்ணு மட்டும் உறுதி. அப்ப அது உனக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. இந்த ஊர்ல எந்த டாக்டருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அந்தக் கெழவிக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

"அவங்களுக்கும் தெரியாது. ஆத்தாளுக்கு ஆகாதுன்னுதான சொன்னாங்க."

"சொன்னா இல்ல?"

தெருவில் விசைத்தறியின் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பையன் குடிக்க மாட்டேன்னான்," என்றார் ஸ்வர்ணலதா. "கசக்குதுன்னான். 'எளநி எங்கியாவது கசக்குமாடா ராஜா, இன்னும் ரெண்டு வாய்'னு அவதான் மடியில போட்டுகினு ஊட்டனா. நான் கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்தேன். ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்க்கா."

பிறகு, "பாராசிட்டமால்னு மாத்திட்டா?" என்று கேட்டார்.

"மாத்தலாம். கதை உன்னோடது. அதுவும் அப்ப வந்திருந்தது. நான் பிழைன்னு குறிக்க மாட்டேன்."

ஸ்வர்ணலதா நெடுநேரம் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "வாணாம்," என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, கணவர் கமலக்கண்ணனுக்கு வரும் வழியில் வாங்கிய மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "நெஞ்சு வலி வந்ததுலேந்து தெனம் நான்தான் எடுத்துக் குடுக்கறேன். இதுவும் அதுதான?"

"அதேதான். அளவு குறைச்சல். அவருக்கு இது வேணும், நிறுத்தக்கூடாது."

இறுதியில் முடிவானவை இவை. நாவல் அச்சுக்குப் போகும். மாத்திரையின் பெயர் இருந்தபடியே இருக்கும். அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் நீக்கப்படும். அதன் இடத்தில் வேறெதுவும் எழுதப்படமாட்டாது. கமலக்கண்ணனிடம் எதுவும் சொல்லப்படமாட்டாது. அமிர்தா பேனாவைத் திறந்து, அந்த வாக்கியத்தின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

தனியே அனுப்ப மனமில்லாமல், அடுத்த தெருவிலிருந்த வீடு வரை அவரும் உடன் நடந்தார். கூடத்தில் கமலக்கண்ணன் சாப்பிட்டு முடித்துக் காத்திருந்தார்.

"வாங்கம்மா," என்று அமிர்தாவை வரவேற்றுவிட்டு, மனைவி பக்கம் கையை நீட்டினார். "குடு ஜல்தி. சாமியப் பாத்துட்டு வந்தா புருஷன மறந்துபுடுவியா?"

ஸ்வர்ணலதா அட்டையை அழுத்தினார். மாத்திரை தெறித்து அவருடைய உள்ளங்கையிலேயே விழுந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தலைக்கு மேலே, சுவரில், விளக்கில்லாத படத்தில் காசியம்மாள் இருந்தாள். கிழவரின் கை நீட்டியபடியே இருந்தது.