இரவல் முத்திரை

மேற்கு ஜெர்மனியின் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்கள் புத்தக அடுக்குகளுக்கு அருகே போக முடியாது. இழுப்பறையில் அட்டையைத் தேடி, அதிலுள்ள எண்ணை எழுதிக் கொடுத்தால்தான் நிலவறையிலிருந்து புத்தகம் மேலே வரும். அட்டை இல்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

ஈழத்திலிருந்து வந்த பீலிக்ஸும் அவன் அகதி விடுதி நண்பர்களும் 1984இல் கொடுத்த தமிழ்ப் புத்தகங்களுக்கு யாரும் அட்டை எழுதவில்லை. அவர்களைக் கொடுக்கச் சொன்னவள் அங்கே ஆய்வு செய்த சியாமளா. இரண்டு வருடம் கழித்து நூலகர் அவளைக் கூப்பிட்டு, பெட்டிகளைக் காட்டினார்.

"ஒருவரும் இரவல் கேட்கவில்லை. நாளை பழைய தாளுக்குப் போகின்றன."

"அட்டை இல்லாமல் எப்படிக் கேட்பார்கள்?"

"அந்த எழுத்து எங்களுக்குத் தெரியாதே. தமிழர்களைப் பற்றி ஜெர்மானியர் எழுதியவை நிறைய வைத்திருக்கிறோமே!"

அந்தப் பெருமிதச் சிரிப்பு சியாமளாவுக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே காத்திருந்த பீலிக்ஸிடம் நடந்ததைச் சொன்னாள்.

"விடுங்கோ அக்கா. நாங்களே திருப்பிக் கொண்டு போறம்."

"கொண்டு போனா அவருக்கு நிம்மதி. இங்க ஒரு ரூல் இருக்கு, பீலிக்ஸ். அட்டை இல்லாத புக்கையும் பேரைச் சொல்லி நேர்ல கேட்டா, கவுண்டர்லயே அட்டை போட்டுத் தரணும். இரவல் முத்திரை விழுந்த புக்கை அஞ்சு வருஷம் தூக்கிப் போட முடியாது."

"அப்ப எல்லாத்தையும் கேளுங்கோ. அந்தாளுக்குக் கை நோகட்டும்!"

உள்ளே திரும்பிய அவள் புத்தகப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நூலகர் அவற்றை ரோமன் எழுத்தில் அட்டையில் எழுதி முத்திரை குத்தினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிறகு கைக்குட்டையால் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சியாமளா அருவருப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த புத்தகத்தை நீட்டினாள்.